எண்பது கிலோமீட்டர் கெடு

திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஏறக்குறைய 135 கி.மீ. பாதி வழியில் துவரங்குறிச்சி. அங்கே ஒரு ரன்ஃப்ளாட் டயரில், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயரில், ஆணி ஏறி, காற்று முழுக்க இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை ஓரங்கட்ட வேண்டாம், ஜாக்கி போட வேண்டாம். வேகத்தை 80க்குக் கீழே இறக்கினால் போதும், எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெரிய ஊர் வந்துவிடும். டயர் கம்பெனி கொடுத்த வாக்கு அதுதான்: காற்றே இல்லாமல் 80 கி.மீ. தூரம், 80 கி.மீ. வேகம். வாக்கைக் காப்பாற்றிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு மதுரையில் நிற்கிறீர்கள். 225/45 ஆர்18 அளவில், ரன்ஃப்ளாட்டில், மற்ற மூன்று டயரோடு ஒத்துப்போகிற ஒன்று எந்தக் கடையில் கிடைக்கும்?

ரன்ஃப்ளாட் பற்றிய வாக்குவாதம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். நடப்பதோ வேறு. "ஜெர்மன்காரன் வண்டி கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடுது", "ஸ்டெப்னி கொடுக்காம காசு மிச்சம் பிடிக்கிறான்", "ஜப்பான்காரன் இப்படிச் செய்வானா" என்று ஒரு கட்சி. "நடுராத்திரி ஹைவேயில பொண்டாட்டி பிள்ளையோட நின்னு வீல் மாத்திப் பாரு, அப்பத் தெரியும்" என்று எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டயரின் குறையைக் காரின் மேலும், காரின் குறையை டயரின் மேலும், கழற்றி மாட்டியவரின் குறையை இரண்டின் மேலும் ஏற்றிவிடுகிறோம். பிராண்டின் பெயர் கெடுவதும் உயர்வதும் பாதி இப்படித்தான்.

முதலில் டயருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண ரேடியல் டயரில் காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் காற்றுதான். பக்கச் சுவர் மெல்லியது; மடங்கி விரிவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். காற்று போனால் அது நசுங்கி, ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே அரைபட்டு, சில கிலோமீட்டருக்குள் கந்தலாகிவிடும். ரன்ஃப்ளாட்டில் அந்தச் சுவரின் உட்பக்கம் சூட்டைத் தாங்கும் கடினமான ரப்பரைப் பிறை வடிவில் தடிமனாக வார்த்திருப்பார்கள். காற்று போனதும் எடையை இந்தச் சுவரே தூணாக நின்று தாங்கும். டயர் ரிம்மை விட்டு நழுவாமல் இருக்க, ரிம்மின் உட்புறத்தில் காளையின் திமில்போல ஒரு மேடு சற்று உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். இஎச்2 என்று ரிம்மில் பொறித்திருப்பது இதைத்தான். ரன்ஃப்ளாட்டுக்கு ஏற்ற ரிம் என்பதற்கு அதுவே அடையாளம்.

தூரத்துக்குக் கெடு ஏன்? சூடு. காற்றில்லாமல் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தடித்த சுவர் மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ரப்பர் சூடாகும். சூடான ரப்பர் மெல்ல இளகி, உள்ளே இருக்கும் நூலடுக்கை விட்டுப் பிரியும். ஐரோப்பிய விதிமுறைப்படி இந்த டயரைச் சோதிக்கும்போது வால்வைத் திறந்துவிட்டு, உருளையின் மேல் 80 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறார்கள். அப்போது ஏற்றும் சுமை அந்த டயர் தாங்கக்கூடிய உச்சச் சுமையில் 65 சதவீதம்தான். ஐந்து பேரும் பூட் நிறையப் பெட்டியும் ஏற்றிய காருக்கு அதே 80 கி.மீ. கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பிஎம்டபிள்யூவின் பழைய இ90 வரிசை 3 சீரிஸ் கையேட்டில் இது வெளிப்படையாக இருந்தது: ஒருவர் இருவர், சாமான் இல்லாமல் என்றால் சுமார் 250 கி.மீ.; இருவரும் நிறைந்த பூட்டும், அல்லது நால்வர் சாமான் இல்லாமல் என்றால் 150; முழுச் சுமை என்றால் 50. மெர்சிடிஸுக்கான ரன்ஃப்ளாட்டான எம்ஓ எக்ஸ்டெண்டட் டயர்களுக்குப் பாதிச் சுமையில் 80, முழுச் சுமையில் 30 கி.மீ. என்று சொல்லியிருக்கிறார்கள். பழனிக்குக் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு உரிய கணக்கு அந்தக் கடைசி எண்தான்.

இந்த யோசனை புதிதல்ல. 1970களிலேயே டன்லப்பின் டெனோவோ டயர் பிரிட்டனில் மினி 1275 ஜிடியில் வந்தது. 1980களில் போர்ஷே 959க்கு பிரிட்ஜ்ஸ்டோன் செய்து கொடுத்தது. 1994இல் செவர்லே கார்வெட்டில் குட்இயரின் ரன்ஃப்ளாட்டை விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1997இல் வந்த அடுத்த தலைமுறைக் கார்வெட்டில் அதுவே நிரந்தரமாகி ஸ்டெப்னி போய்விட்டது. இங்கே ஒரு சின்ன விஷயம். ஸ்டெப்னி என்று நாம் தினமும் சொல்லும் சொல், வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து 1904 வாக்கில் கிளம்பியது. அந்த முதல் ஸ்டெப்னியை மாட்டுவதற்குப் பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஆரம் இல்லாத வளையத்தில் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். ரன்ஃப்ளாட்டின் ஆசையும் அதேதான்.

பெயர் கெட்ட கதைக்கு வருகிறேன். 'ஜப்பான்காரன் செய்ய மாட்டான்' என்பவர்கள் அமெரிக்காவில் விற்ற ஹோண்டா ஒடிஸியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 மாடலின் டூரிங் வகைக்கு மிஷெலினின் பாக்ஸ் என்ற அமைப்பைப் பொருத்தினார்கள். ஹோண்டாவின் சொகுசுப் பிராண்டான அக்யூராவின் ஆர்எல் காரிலும் அது வந்தது. அதில் தடித்த சுவர் இல்லை. ரிம்மின் நடுவே ஒரு வளையம் இருக்கும், காற்று போனால் டயர் இறங்கி அந்த வளையத்தின் மேல் உட்காரும். தூரம் சுமார் 200 கி.மீ. சொகுசும் குறையவில்லை. பொறியியலாகப் பார்த்தால் சுவர் தடித்த ரன்ஃப்ளாட்டைவிட இது மேலான தீர்வு என்பதே என் எண்ணம். ஆனால் டயர் அளவு 235-710 ஆர்460ஏ. எல்லாம் மில்லிமீட்டரில், ரிம்மும் தனி வகை. உலகத்தில் விற்கும் வேறு எந்த டயரும் அதில் ஏறாது. கழற்றி மாட்டத் தனி மெஷின், பயிற்சி பெற்ற ஆள், அதுவும் சில இடங்களில் மட்டும். டயர் தேய்ந்தபோதுதான் வாங்கியவர்களுக்கு விலையும் அலைச்சலும் புரிந்தது. விஷயம் கூட்டு வழக்கு வரை போனது. மிஷெலினும் அந்த அமைப்பை மேற்கொண்டு வளர்ப்பதைக் கைவிட்டது. டொயோட்டா சியன்னாவின் நான்குசக்கர இயக்க வகையிலும் 2004 முதல் ரன்ஃப்ளாட்தான், ஸ்டெப்னி கிடையாது. சீக்கிரம் தேய்கிறது என்ற குறை அங்கே ஓயவே இல்லை. நம்பகத்தன்மைக்குப் பேர் போன இரண்டு கம்பெனிகள். இரண்டுக்கும் கெட்ட பெயரை டயர் வாங்கிக் கொடுத்தது.

ஜே.டி. பவர் போன்ற தர ஆய்வுகளை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத் தரம் என்ற ஆய்வு கார் வாங்கிய முதல் 90 நாளில் வந்த குறைகளை எண்ணுகிறது; நீடிப்பு ஆய்வு மூன்று வருடம் ஓடிய காரைக் கேட்கிறது. ரன்ஃப்ளாட்டின் உண்மையான செலவு தெரிவது முதல் செட் தேய்ந்து இரண்டாவது செட் வாங்கும்போது. நம் ஓட்டத்துக்கு அது மூன்றாவது நான்காவது வருடம். செகண்ட்ஹாண்டில் வாங்கியவர் தலையில்தான் பெரும்பாலும் அது விடியும்.

பிஎம்டபிள்யூ விஷயத்தில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2007இல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்து, 3 சீரிஸும் 5 சீரிஸும் பூட்டி வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அந்த இ90 வரிசை 3 சீரிஸ்தான் ரன்ஃப்ளாட்டைப் பரவலாக்கிய கார். ரன்ஃப்ளாட்டின் முரட்டுத்தனத்துக்கு அதிகம் திட்டு வாங்கியதும் அதுவே. திட்டில் நியாயம் இருந்தது. அந்தத் தலைமுறை டயர்களின் சுவர் கல் மாதிரி. பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று முதுகுத்தண்டில் கேட்கும். பின்னால் வந்த டயர்களில் சுவர் கொஞ்சம் இளகியது. காரின் ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றினார்கள். அதனால் 2006ஆம் வருடத்துக் குறையை பின்னால் வந்த ஜி20 வரிசை 3 சீரிஸின் மேல் போடுவது சரியல்ல. அதே சமயம் அந்தக் கம்பெனியின் வேகக் கார்களைச் செய்யும் எம் பிரிவு எம்3, எம்5 கார்களுக்குச் சாதாரண டயரும் அடைப்புப் பசை கிட்டும்தான் கொடுத்தது. ஓட்டும் சுகத்தை முதலில் வைக்கும் இடத்தில் அவர்களே ரன்ஃப்ளாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த விளம்பரத்தையும்விட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நம் சாலையில் ரன்ஃப்ளாட் சாவது பெரும்பாலும் ஆணியால் அல்ல, குழியால். கூர்மையான விளிம்புள்ள குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது, சாதாரண டயர் என்றால் சுவர் மடங்கி அடியில் கொஞ்சத்தை விழுங்கும். ரன்ஃப்ளாட் மடங்க மறுக்கும். அடி நேரே ரிம்முக்குப் போகும். ரிம் வளையும் அல்லது விரிசல் விடும். விரிசல் அநேகமாக ரிம்மின் உள்பக்க விளிம்பில், இன்ஜின் பக்கம் பார்க்கும் முகத்தில் வரும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மயிரிழை கீறல். பத்து நாளைக்கு ஒருமுறை காற்று குறைகிறது, டயரில் ஆணி எதுவும் இல்லை என்றால் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, உள்விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நுரை புட்புட்டென்று ஒரு கோடாக எழும். அந்தக் கோட்டை வெல்டு வைத்து ஓட்டச் சொல்வார்கள். முன்சக்கரத்துக்கு நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வெல்டு பட்ட இடத்தைச் சுற்றி அலாய் பலமிழந்து நிற்கும், அடுத்த குழி அதே இடத்தைத் தேடும். சுவரில் முட்டை மாதிரிப் புடைப்பு வந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். ரன்ஃப்ளாட்டானாலும் சாதாரண டயரானாலும் அதற்கு வைத்தியம் கிடையாது.

காற்றழுத்தம் இங்கே வாழ்வா சாவா விஷயம். ரன்ஃப்ளாட் 15 பிஎஸ்ஐயில் நின்றாலும் பார்வைக்கு 33 மாதிரியே தெரியும். காலால் உதைத்துப் பார்ப்பது, கண்ணால் மட்டம் பார்ப்பது எதுவும் உதவாது. அதனால்தான் அழுத்தம் காட்டும் கருவி இல்லாத காரில் ரன்ஃப்ளாட்டைப் போடவே கூடாது என்கிறார்கள். அந்தக் கருவியிலும் இரண்டு வகை. வால்வோடு சென்சார் உள்ள வகை ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும். அதன் பேட்டரி ஏழிலிருந்து பத்து வருடம் வரும். இன்னொரு வகை ஏபிஎஸ் சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டு, எது வேகமாகச் சுற்றுகிறதோ அது காற்றிழந்தது என்று ஊகிக்கும். நான்கிலும் ஒரே அளவு காற்று மெல்லக் குறைந்தால் இதற்குத் தெரியாது. காற்றடித்த பிறகோ டயர் மாற்றிய பிறகோ மெனுவில் போய் ரீசெட் செய்யாவிட்டால் தவறான அளவையே சரியென்று எடுத்துக்கொள்ளும். பங்க்கில் காற்றடித்துவிட்டு ரீசெட் செய்யாமல் கிளம்புவதுதான் பொய் எச்சரிக்கைக்கு முக்கியமான ஒரு காரணம்.

அளவு எவ்வளவு என்பதை டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் பாருங்கள். டயரின் சுவரில் உள்ள எண் உச்ச வரம்பு, அது அடிக்க வேண்டிய அளவல்ல. ஒரு பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ, 2.2 பார் என்றால் 32. காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் ஏறும். உச்சி வெயிலில் ஓடி வந்த டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். குலுக்கல் குறையட்டும் என்று நான்கைந்து பிஎஸ்ஐ குறைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குலுக்குவது காற்றல்ல, சுவர். அதனால் சொகுசு சொற்பமே கூடும். சூடும் தேய்மானமும் கூடும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது? பலர் நேரே 80 கி.மீ. கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். அது தப்பு. அந்தக் கெடு காற்று சுத்தமாக இல்லாத டயருக்குத்தான். ஆணி இன்னும் குத்திக்கொண்டிருந்தால் காற்று மெல்லத்தான் இறங்கும். வேகத்தைக் குறைத்து, திடீர் பிரேக்கும் சடக்கென்ற திருப்பலும் இல்லாமல், பாதுகாப்பான முதல் பங்க்கில் ஒதுங்கி அளந்து பாருங்கள். 20 பிஎஸ்ஐ இருந்தால் ஆணியைப் பிடுங்காமல் 33க்கு ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். 20, 30 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்து மறுபடி ஏற்றுங்கள். இப்படி வந்த டயரை உள்ளிருந்து ஒட்டிச் சரிசெய்ய முடியும். பூஜ்ய அழுத்தத்தில் ஓட்டி வந்த டயரை அநேகமாகத் தூக்கித்தான் போட வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் ஒரு சின்ன கம்ப்ரஸர், ரன்ஃப்ளாட் வைத்திருப்பவருக்கு ஸ்டெப்னியைவிடப் பெரிய துணை. காற்று முழுக்கப் போய்விட்டது என்றால் மட்டும் 80 கணக்கு. ஸ்டியரிங் அதிரத் தொடங்கினாலோ ரப்பர் தீய்ந்த வாடை வந்தாலோ கெடு முடிவதற்குள்ளேயே நிறுத்திவிட வேண்டும்.

பஞ்சர் கடையில்தான் இந்த டயரின் தலையெழுத்து முடிவாகிறது. "சார், வெளியிலேயே குச்சி போட்டுடலாம், அஞ்சு நிமிஷம்" என்பார் அண்ணன். அவசரத்துக்கு அது சரி, சாலையைத் தொடும் டிரெட் பகுதியில் என்றால். நிரந்தர வேலைக்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்த்தே ஆக வேண்டும். டார்ச் அடித்து, விரலை உட்சுவரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். விரலில் மிளகுத்தூள் போல நொறநொறவென்று கறுப்புப் பொடி ஒட்டினால், உட்பூச்சில் சுருக்கமோ நிறம் மாறிய வளையமோ தெரிந்தால், அந்தச் சுவர் காற்றில்லாமல் அரைபட்டிருக்கிறது. வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. பொடி இல்லை, சுருக்கம் இல்லை, ஓட்டை டிரெட்டின் நடுப்பகுதியில் 6 மி.மீ.க்குள் என்றால் உள்ளிருந்து வெளியே இழுக்கும் காளான் பேட்ச் போடலாம். இதில் கம்பெனிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. பழுதே பார்க்காதே என்கிற கார் கம்பெனிகள் உண்டு; நிபந்தனையோடு ஒருமுறை பார்க்கலாம் என்கிற டயர் கம்பெனிகள் உண்டு. உட்சுவர் சுத்தமாக இருக்கும் டயரை வெறும் பயத்தில் குப்பையில் போடுவது வீண் என்றே நினைக்கிறேன். டிரெட்டும் சுவரும் சேரும் தோள் பகுதியிலோ சுவரிலோ ஓட்டை என்றால் பேச்சே வேண்டாம்.

கழற்றி மாட்டுவது அடுத்த கண்டம். தடித்த சுவரையும் உயர்ந்த திமிலையும் தாண்டி டயரின் வாயை, அதாவது ரிம்மைக் கவ்வும் விளிம்பை, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் கை வைத்த மெஷின் வேண்டும். வெறும் கடப்பாறையும் இரண்டு ஆளும் போதாது. அமுக்காமல் இழுத்தால் டயரின் வாய்க்கம்பி கிழியும், ரிம்மின் உதடு சிராயும், வால்வடியில் இருக்கும் சென்சார் உடையும். வாய் விடுவிக்கும் அமுக்கியை வால்வுக்கு எதிர்ப்பக்கம் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். டயரின் வாய் வழுக்கி ஏறுவதற்கான பசையைத் தாராளமாகத் தடவ வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பதற்கு முன்னால் மெஷினைப் பாருங்கள். உதவிக்கை இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போகலாம். போல்ட் இறுக்குவது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்: பிஎம்டபிள்யூவில் எம்12 போல்ட்டுக்கு 120, எம்14க்கு 140 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்துவிட்டால் அடுத்த முறை நடுவழியில் கையால் கழற்ற முடியாது.

புதிதாக வாங்கும்போது சுவரைப் படியுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷெலினில் இசட்பி, காண்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப், டன்லப்பில் டிஎஸ்எஸ்டி, ஹான்கூக்கில் எச்ஆர்எஸ். நட்சத்திரக் குறி இருந்தால் பிஎம்டபிள்யூவுக்கென்று ஒப்புதல் பெற்றது. எம்ஓஇ என்றால் மெர்சிடிஸுக்கு. தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் நான்கு இலக்கமாகப் பொறித்திருப்பார்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மெதுவாக விற்கும் அளவு என்பதால் அலமாரியில் தூங்கிய டயர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கிடைப்பதும் எளிதல்ல. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியபோது, சொகுசுக் கார்க்காரர்கள் ரன்ஃப்ளாட்டுக்காக அலைந்தார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் ஆலைகள் ஓடும் மாநிலத்தில் ஒரு சக்கரத்துக்கு டயர் வர வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

அதனால்தான் இரண்டாவது செட்டில் பலர் சாதாரண டயருக்கு மாறுகிறார்கள். இஎச்2 ரிம்மில் சாதாரண டயர் தாராளமாக உட்காரும். மாறுவதென்றால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்ஃப்ளாட்டும் மறுபக்கம் சாதாரணமும் இருந்தால் வளைவில் கார் இரண்டு மனசாக நடக்கும். நான்குசக்கர இயக்கக் காரில் டிரெட் ஆழ வித்தியாசம்கூட, முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்னும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் குறையக் கூடாது: 94டபிள்யூ என்றால் டயருக்கு 670 கிலோ, மணிக்கு 270 கி.மீ.; அதே அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். குலுக்கல் உடனே குறையும். கூடவே ஸ்டியரிங்கின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும், ஏனென்றால் காரின் சஸ்பென்ஷன் அந்தக் கடினச் சுவரை நம்பி அமைக்கப்பட்டது. வாரண்டி பாக்கி இருந்தால் சர்வீஸ் ஆலோசகர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

மாறிய பிறகு நடுவழிக்கு என்ன ஏற்பாடு? அடைப்புப் பசை கிட் 6 மி.மீ. வரையிலான டிரெட் ஓட்டைக்கு உதவும். சுவர் கிழிந்தால் உதவாது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, பூட்டில் வெந்துகிடக்கும் பாட்டிலை வருடம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். குழியால் சுவர் கிழிவதே நம் ஊரில் அதிகம் என்பதால் மெல்லிய அவசரச் சக்கரம் வாங்கி வைப்பது என் முதல் தேர்வு. இந்தியாவில் விற்ற பல பிஎம்டபிள்யூ மாடல்களில் ரன்ஃப்ளாட் இருந்தும் பூட்டில் ஒன்றைப் படுக்க வைத்துக் கொடுத்ததும் உண்டு. ஆனால் தனியாக வாங்கும்போது அது உங்கள் முன் பிரேக் காலிப்பரைத் தாண்டி உட்காருகிறதா என்று வீட்டு வாசலிலேயே மாட்டிப் பாருங்கள். ரன்ஃப்ளாட் கார்கள் பலவற்றில் ஜாக்கியும் இருக்காது. ஜாக்கி, அடிப்பலகையின் சதுர ரப்பர் முட்டுக்குப் பொருந்தும் அடாப்டர், 17 மி.மீ. சாக்கெட், கூடவே ஒரு வழிகாட்டி முள். பிஎம்டபிள்யூவில் ஹப்பிலிருந்து நீட்டிய ஸ்டட் கிடையாது, போல்ட்தான். முள்ளைச் சொருகி அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் இருட்டில் துளை தேடித் தவிக்க வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு ரன்ஃப்ளாட்? பெரும்பாலும் நகரத்துக்குள் ஓட்டுகிறவர், தனியாக இரவில் பயணம் செய்கிற பெண், சக்கரம் மாற்ற உடல் இடம் தராத பெரியவர்: இவர்கள் ரன்ஃப்ளாட்டை விட வேண்டாம். சர்வீஸ் சாலைகூட இல்லாத இடத்தில், லாரிகள் உரசிப் போகும் ஓரத்தில் குனிந்து போல்ட் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. அதிலிருந்து காப்பாற்றும் ஒரு பொருளைக் குலுக்கலுக்காக மட்டும் வெறுக்க என்னால் முடியவில்லை. மாதம் நாலு முறை கோவைக்கும் நெல்லைக்கும் முழுச் சுமையோடு போகிறவர், 19 அங்குல ரிம் வைத்திருப்பவர், மாறிவிடலாம். கூடவே ரிம்மையும் ஓர் அங்குலம் இறக்கி, டயரின் சுவர் உயரத்தைக் கூட்டினால் குழிக்கு இன்னும் நல்லது. பிரேக் இடம் கொடுக்க வேண்டும்.

புது மாடல்களில் போக்கு ஸ்டெப்னியை விட்டு விலகுவதுதான். 2020 ஜூலையில் வந்த விதித் திருத்தம், டியூப்லெஸ் டயரும் அழுத்தம் காட்டும் கருவியும் பழுது கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. பேட்டரி காருக்கு அந்த இடமும் எடையும் தேவை. இனி ஷோரூமில் திரையின் அகலத்தைக் கேட்பதற்கு முன் பூட்டின் தரையைத் தூக்கிப் பாருங்கள். கீழே இருப்பது சக்கரமா, பசை பாட்டிலா, ஒன்றுமில்லையா? டயர் அளவைக் குறித்துக்கொண்டு உங்கள் ஊர் டயர் கடைக்கு ஒரு போன் போட்டு, அந்த அளவு கைவசம் இருக்கிறதா, வர எத்தனை நாள் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

செகண்ட்ஹாண்ட் என்றால் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும். நான்கு டயரின் சுவரையும் படியுங்கள். மூன்று ரன்ஃப்ளாட், ஒன்று சாதாரணம் என்றால் நாலு டயர் விலையைப் பேரத்தில் கழிக்கலாம். ரிம்மின் உள்முகத்தை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், வெல்டு தடம் பளிச்சென்று தெரியும். பூட்டில் அவசரச் சக்கரம் இருந்தால் அதன் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்: 4.2 பார், அதாவது 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாததால் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது.